மூக்காயி உட்கார்ந்த பக்கம்

"புத்தகத்தை நேராப் பிடிங்கன்னா நேராப் பிடிங்களேன்!"

"நேராத்தான் பிடிச்சிருக்கேன், ஒனக்குத்தான்..."

"படத்துல மாட்டுக்குக் காலு மேல போகுது, பாருங்க..."

"மாடு எப்படியும் போவட்டும் டீச்சரம்மா. எழுத்து ஒழுங்கா நிக்குதுல்ல?" என்றாள் மூக்காயி.

டீச்சர் சூசைமேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இலுப்பூரிலிருந்து கல்வி அதிகாரி கிளம்பிவிட்டாராம். பழைய நெல் கொட்டடியில் மூன்று வருஷமாகச் சம்பளமில்லாமல் அவள் நடத்தும் முதியோர் பள்ளிக்கு இன்றைக்கு அங்கீகாரப் பரிசோதனை. கிடைத்தால் கொட்டடி பள்ளிக்கு. கிடைக்காவிட்டால் உரம் அடுக்கப்போவதாகப் பஞ்சாயத்துத் தலைவர் உடையப்பன் சொல்லிவிட்டார். சொன்னதோடு விட்டாரா, மூட்டை வண்டியையே வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

மூக்காயியையும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கென்று இருந்தது ஒரே புத்தகம். அதை நடுவில் விரித்துவைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். மூக்காயிக்கு முட்டிவலி, சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும். சுவரோ எதிர்ப்பக்கம், புத்தகத்தின் தலைமாட்டில் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்தே அத்தனை எழுத்தையும் பிடித்துக்கொண்டாள். மற்ற எல்லோரையும்விட வேகமாக வாசித்தாள். நேற்றுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"நீங்க பேசாம இருங்க. அழகம்மா வாசிக்கட்டும்."

"அவ எழுத்துக்கூட்டி முடிக்கிறதுக்குள்ள சோறு வெந்துரும்!"

ஜீப் வந்து நின்றது. அதிகாரி வீரய்யா உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தார்.

"கரும்பலகை எங்கம்மா?"

"மனுப் போட்டேன் சார். அங்கீகாரம் வாங்கிட்டு வந்து கேளுன்னுட்டாங்க."

"கரும்பலகை இல்லாத எடத்துக்கு எப்படிம்மா அங்கீகாரம் குடுக்கிறது? சரி, யாராச்சும் வாசிங்க."

அழகம்மாள் எழுந்தாள்.

"ஒனக்கு என்ன வயசு?"

"இருவத்தெட்டுங்க."

"நீ உக்காரு. இது முதியோர் கல்வி. இங்க முதியவங்க யாரு?"

எல்லாத் தலைகளும் மூக்காயி பக்கம் திரும்பின. சூசைமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"'மழை பெய்தது. உழவன் ஏரைப் பூட்டினான். மாடுகள் நடந்தன...'" மூக்காயி கடகடவென்று போனாள்.

"நிறுத்து, நிறுத்து. புத்தகம் தலைகீழா இருக்கு. இது மனப்பாடம்!"

"இல்ல சார், அவங்க எதிர்ப்பக்கம் உக்காந்து படிச்சவங்க..."

"திருப்பிப் பிடிச்சு வாசிக்கச் சொல்லுங்க."

மூக்காயி திருப்பிப் பார்த்தாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள், மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏங்கய்யா, இப்படிக் கவுத்துக் குடுத்தா யாருக்குத்தான் வாசிக்க வரும்?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"தலைகீழா வாசிக்கிறதுக்கு விதியில எடமில்லம்மா."

"வாசிக்கக் கூடாதுன்னு இருக்குங்களா சார்?" என்றாள் சூசைமேரி.

"அப்படியும் இல்ல. விதியிலயே இல்லாத ஒண்ணை நான் எப்படி ஒத்துக்கிறது?"

அவர் முக்காலியில் உட்கார்ந்து, கள்ளிப்பெட்டியின்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். மூக்காயி முட்டியைப் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல எதிர்ச்சுவரில், அவருக்கு நேரெதிரே சாய்ந்து உட்கார்ந்தாள்.

வாசலிலிருந்து உடையப்பன் தலையை நீட்டினார். "மூட்டையை எறக்கச் சொல்லட்டுங்களா?"

"இருங்க, ஒரு வரிதான் பாக்கி."

"'இங்கு... மூன்று... வருடமாக...'"

குரல் எங்கிருந்து வருகிறதென்று சூசைமேரி திரும்பிப் பார்த்தாள். மூக்காயி கழுத்தை நீட்டி, பேனா போகும் வழியே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"'...ஒருவருக்கும் எழுத்தறிவு... ஏற்பட... வில்லை. மூக்காயி என்பவர்...' அட, எம்பேரு! '...வாசிக்கத் தெரியாதவர்.'"

பேனா நின்றது. வண்டியில் ஏறி முதல் மூட்டையில் கைவைத்திருந்த ஆள் அப்படியே நின்றான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களே, இப்ப அதை வாசிச்சது யாருங்கய்யா?"