பாக்தாத் முறைப்படி தொங்கவிட்ட இறைச்சி

பெப்ரவரி மூன்றாம் தேதி மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் ஒரு நான்காம் மாடிப் பால்கனியில் தொங்கவிடப்பட்ட ஆட்டுத்தொடைக்குப் பத்தொன்பதாம் தேதி காலை குளம்பு முளைத்தது. அன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பேருந்துகள் பத்து நிமிடம் தாமதம். தொடையைத் தொங்கவிட்ட புஷ்பராணி குளம்பைப் பார்த்தார், அடுப்பில் பொங்கிய தேநீரை இறக்கினார், கணவர் விமலநாதனுக்குக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டார், பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தார். குளம்பு எங்கும் போய்விடவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவருகே உட்கார்ந்திருக்கும் விமலநாதன், "அது முந்தநாளே வரத் தொடங்கிட்டுது, நீர்தான் கவனிக்கேல்லை" என்றார். இது எந்த ஆண்டு என்று கேட்டால் விழிக்கிற மனிதர் குளம்பு விஷயத்தில் இவ்வளவு துல்லியமாக இருந்தது புஷ்பராணிக்கு எரிச்சலாக இருந்தது.

தொடை பால்கனிக்கு வந்ததற்குக் காரணம் ஒரு குழு. மொன்றியல் தமிழ் முதியோருக்குப் பகல்நேர நிலையம் ஒன்று அமைப்பதற்காக ஒன்பது பேர் இரண்டு ஆண்டுகளாகக் கூடிக்கூடி வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒத்துவந்தது, இடம் மட்டும் ஒத்துவரவில்லை. தலைவர் அருமைநாதன் ஆற்றுக்கு அக்கரையில் தம் வீடிருக்கும் புரோசார்ட்டை விட்டு அசைய மாட்டேன் என்றார். பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகள் வெப்ப இயக்கவியல் கற்பித்து ஓய்வுபெற்ற சென்னைக்காரர் ரவிசங்கர், புவாண்ட்-கிளேரில்தான் வண்டி நிறுத்த இடம் உண்டு என்றார். புஷ்பராணி தன் தெருமுனையில் மூடிக் கிடந்த குழந்தைகள் காப்பகத்தைக் கேட்டார். மற்றவர்களுக்கு அது ஒரு முகவரி, அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. விமலநாதனுக்கு மறதி முற்றிவிட்டது. ஒருமுறை தனியாக பஸ்ஸில் ஏறி, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இறக்கிவிடும்படி சாரதியைக் கேட்டவர். அவரைப் பார்த்துக்கொள்ள புஷ்பராணி எடுத்த விடுப்பு ஏப்ரலோடு முடிகிறது. முடிந்ததும் விமான உணவு தயாரிக்கும் கூடத்துக்கு விடிகாலையில் திரும்பியாக வேண்டும். நடக்கும் தூரத்தில் நிலையம் வராவிட்டால் அவரை நெடுங்காலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சமூக சேவகி சொல்லிவிட்டார். இல்லம் சுத்தமானது, நல்ல சாப்பாடு, ஆனால் தமிழ் தெரிந்த ஒரு ஆள் இல்லை. விமலநாதனுக்கு மறதி வந்தபோது முதலில் போனது பிரெஞ்சு, அடுத்தது ஆங்கிலம். ஐந்து நிமிடம் கதைக்காமல் இருக்க முடியாத அந்த மனிதர் அங்கே ஊமையாகிப் போவார்.

வாக்கெடுப்பு என்றால் தோல்வி நிச்சயம், ஏனென்றால் ஒன்பது பேரில் ஐவர் அருமைநாதனும் அவருடைய மைத்துனர்களும். அந்தச் சமயத்தில்தான் புஷ்பராணி மாலையில் போகும் பிரெஞ்சு வகுப்பின் ஆசிரியை அவரிடம் ஒரு தடித்த நூலக நூலைக் கொடுத்து, பதின்மூவாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சொந்த ஊரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், நீங்கள் ஆயிரம் ஆண்டு தள்ளியிருப்பதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றார். பழைய பாக்தாத்தைப் பற்றிய நூல் அது. புஷ்பராணி அகராதியும் கையுமாக மூன்று வாரம் அந்த நகரத்திலேயே குடியிருந்தார். அங்கே வட்டமாக ஊர் கட்டினார்கள், காகிதம் செய்தார்கள், கிரேக்கத்திலும் வடமொழியிலும் இருந்த கணக்கையும் மருத்துவத்தையும் அரபுக்குக் கொண்டுவந்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே மேசையில் இருந்து அந்த வேலையைச் செய்தார்கள். மருத்துவமனைகளில் ஏழை பணக்காரன் பார்க்காமல் வைத்தியம் பார்த்தார்கள், புத்தி தடுமாறியவர்களுக்கும் தனிக் கூடம் வைத்தார்கள். அந்தப் பக்கத்தை அவர் நான்கு முறை வாசித்தார். அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்தது விஷயம். மருத்துவமனைக்கு இடம் பார்க்கச் சொன்னபோது ஒரு மருத்துவர் நகரின் பல மூலைகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எது மிகத் தாமதமாகக் கெட்டதோ அங்கேதான் காற்று நல்லது என்று முடிவு கட்டினாராம்.

ஜனவரிக் கூட்டத்தில் புஷ்பராணி எழுந்து இதைச் சொன்னார். "எங்களுக்குள்ள சண்டை வேண்டாம். இறைச்சி சொல்லட்டும். இறைச்சிக்கு மச்சான்மார் இல்லை" என்றார். அருமைநாதன் யோசித்தார். பாக்தாத்தை எதிர்த்து வாதாட அவரிடம் ஒன்றும் இல்லாததால், "சரித்திரத்தில இருக்கெண்டால் செய்து பாப்பம்" என்றுவிட்டார். அல்ஜீரியக்காரரான பஷீரின் இறைச்சிக்கடையில், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாதென்று, ஒரே ஆட்டிலிருந்து மூன்று கால்கள் வெட்டினார்கள். பின்னங்கால்களில் வலது புஷ்பராணிக்கு, இடது ரவிசங்கருக்கு. இடது முன்னங்கால் அருமைநாதனுக்கு. ஆட்டின் மிச்சம் முழுவதும் பஷீரின் உறைபெட்டிக்குப் போனது.

மொன்றியலில் பெப்ரவரியில் இறைச்சியைத் தொங்கவிட்டால் அது எந்த மூலையிலும் கெடாது என்பது ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெப்ப இயக்கவியல் பேராசிரியருக்கும் தோன்றவில்லை. சைவ வீட்டுப் பால்கனிக்கு ஆட்டுக்கால் வரப்போவதை மனைவி அலமுவிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையில் அவர் இருந்தார். அலமு அதைத் துணிப்பையில் போட்டு முடிந்து, அந்தப் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டு, "ஏன்னா, அது எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று தினமும் காலையில் கேட்டார். பத்து நாளில் இறைச்சி கல்லாகிவிட்டது. புஷ்பராணி தன் தப்பை உணர்ந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

அதன் பிறகுதான் குளம்பு. மற்ற இடங்களில் இறைச்சி கெடவில்லை என்றார்கள், லாசாலிலோ கெடாமல் இருப்பதைத் தாண்டி நல்லதாகிக்கொண்டே போனது. முதலில் சிவந்தது, பிறகு இளகியது, பிறகு முழங்கால் மடங்கியது. பஷீரின் உறைபெட்டியில் ஒருநாள் விலா எலும்புகளைக் காணோம், மறுநாள் தலையைக் காணோம், மூன்றாம் நாள் வலது முன்னங்காலும் போனது. இருபத்தாறாம் தேதி அலமுவின் துணிப்பை காலியாகிக் காற்றில் ஆடியது. அவர் தலைக்குக் குளித்துவிட்டுப் பாயசம் வைத்தார். தோல் எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. மார்ச் எட்டாம் தேதி பகல் ஒன்றரை மணிக்கு, லாசால் பால்கனியில் ஒரு பழுப்பு நிற ஆடு எழுந்து நின்று தும்மியது. அதற்கு மூன்று கால்கள்தான். இடது முன்னங்கால் இல்லை.

அடுத்த ஞாயிறு பிற்பகல் கூட்டத்துக்குப் புஷ்பராணி ஒரு கையில் கணவரையும் மறு கையில் ஆட்டையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனார். சாரதி மூவருக்கும் போன்ஜூர் சொன்னார். அருமைநாதன் ஆட்டைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தம் பெட்டியைத் திறந்து, "என்ர துண்டு இந்தா, ஒரு பழுதுமில்லை" என்று மேசையில் வைத்தார். சாட்சிக்கு அழைக்கப்பட்டிருந்த பஷீர் அதைப் புரட்டிப் பார்த்து, இது செம்மறி, அதுவும் நியூசிலாந்துச் செம்மறி என்று பிரெஞ்சில் சொன்னார். ரவிசங்கர் மொழிபெயர்த்தார். அருமைநாதனின் மனைவி றோசா அதற்குமேல் பொறுக்கமாட்டாமல், "குளிருக்குள்ள சும்மா தொங்கிக்கொண்டு கிடந்தது. முதல் ஞாயிறே கறி வைச்சிட்டன். தம்பிமாரும் வந்து சாப்பிட்டவை" என்றார். தம்பிமார் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். உண்ணப்பட்ட கால் மட்டும் திரும்பி வரவில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

"இந்த ஆட்டின்ர கால்தான் நான் சாப்பிட்டதெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று அருமைநாதன் கேட்டுப் பார்த்தார். ஆடு நொண்டி நொண்டி அவரிடம் போய், அவருடைய வயிற்றில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றது. அவர் ஒருமுறை வடையைப் பார்த்தார், ஒருமுறை மைத்துனர்களைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சரி, லாசாலிலேயே வைப்பம்" என்றார். எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை.

நிலையம் ஏப்ரல் இருபத்திரண்டில் திறந்தது. மேற்பார்வைக்கு வந்த நகரசபை அதிகாரி ஆட்டைப் பார்த்தார், படிவத்தில் அதற்கான கட்டம் இல்லாததால் மேசை நாற்காலித் தளபாடங்களோடு சேர்த்து எழுதிக்கொண்டு போனார். தலைவர் என்ற முறையில் அருமைநாதன் தினமும் புரோசார்ட்டிலிருந்து பாலம் கடந்து வருகிறார். ஒன்பது மணிக்கு விமலநாதன் ஆட்டைத் தடவிக்கொண்டே அவரிடம், "அண்ணை, இதின்ர மற்றக் கால் எங்கை?" என்று கேட்பார். முதல் வாரம் அருமைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது மிளகாய்த்தூள் எத்தனை கரண்டி, தேங்காய்ப்பால் எப்போது விட்டது என்பதில் தொடங்கி, எலும்பை உறிஞ்சியது வரைக்கும் விஸ்தாரமாகச் சொல்கிறார். விமலநாதன் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்பவர்போலக் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார், ஆளுக்கு ஆள் திரும்பிச் சொல்கிறார். சிரிப்பு அடங்க ஒன்பதரையாகும். அந்த நேரம் புஷ்பராணி உணவுக்கூடத்தில், அழைப்பு வருமோ என்று கைபேசியைத் திரும்பிப் பார்க்காமல், இரண்டாவது விமானத்துக்கான தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார்.