அறுபத்து மூன்றாம் பக்கத்துப் பெண்

தெகுசிகல்பா நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெண்ணியல் துறையைக் கிடங்கறையில் ஒரே ஒரு மேசையோடு தொடங்கியவர் எர்மெலிந்தா சூனிகா. பதினாறு ஆண்டுகள் டேப் ரெக்கார்டரும் கையுமாக ஊர் ஊராகப் போய், வீட்டுக்குள் அடிபட்ட பெண்கள் சொன்னதைப் பதிவு செய்தார். பெயர்களை மாற்றிப் புத்தகமாக்கினார். மகளிர் தினத்தன்று ஒரு செய்தித்தாள் அதைப் பற்றிப் பெரிதாக எழுதியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு முடிந்து வந்தால், அவர் அறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தொப்பி. மேசைமேல் அந்தப் புத்தகம்.

"வாங்க டாக்டர். என் பேரு ஒவீதியோ. அறுபத்து மூணாம் பக்கத்துல இருக்கிறது என் பொண்டாட்டி நிகொலாசா."

எர்மெலிந்தா கதவை மூடாமலே வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்: பெண்டாட்டியை உள்ளே வைத்துத் தினமும் வெளியே பூட்டிவிட்டுப் போகும் புருஷன். அவன் தூங்கும்போது சாவியைச் சோளமாவில் பதித்து, மாற்றுச் சாவி செய்து தப்பிய பெண். பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றியவர் அந்த மாவை மட்டும் மாற்றவில்லை. அதை விட்டுவிட மனம் வரவில்லை.

"அடுப்புக்கடியில அந்த மாவு காஞ்சு கெடந்துச்சு, சாவி அச்சோட" என்றான் அவன். "இப்ப வடக்கே தையல் ஆலையில அவ இருக்கிறதா எழுதியிருக்கீங்க. எந்த ஊருன்னு சொல்லுங்க. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

குரல் உயரவே இல்லை. 'அவன் மெதுவா பேசினா நான் கதவுப்பக்கமா போயிடுவேன்' என்று நிகொலாசா சொன்னது எர்மெலிந்தாவுக்கு நினைவு வந்தது.

"அப்படி ஒரு பொண்ணே இல்ல. நாலஞ்சு ஊர்ல கேள்விப்பட்டதை ஒட்டுப்போட்டு நானா எழுதினேன்."

"இவ்ளோ படிச்சிட்டுப் பொய்யா எழுதுனீங்க?"

"ஆமா."

அவன் சிரித்தான். "அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பாப்போம்."

அவர் எழுதமாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டான். எர்மெலிந்தா பல்கலைக்கழகத் தாளை எடுத்தார். அந்தப் பெண் என் கற்பனை என்று எழுதிக் கொடுத்தார்.

அவன் போனதும் அலுவலகத் தொலைபேசியைத் தொடப் பயமாக இருந்தது. நாலு தெரு சுற்றி, தொப்பி போட்டவனையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்தார். நிகொலாசா குடியிருந்த தெருவின் பெட்டிக்கடைக்குப் போன் போட்டார். நிகொலாசாவை அழைத்துவரச் சொல்லி, அவளிடம் "இன்னைக்கே கெளம்பிடு" என்று மட்டும் சொன்னார்.

ஒவீதியோ அந்தத் தாளை நேரே நிர்வாகத்திடம் கொடுத்தான். பொய்யை ஆய்வென்று எழுதியதாக எர்மெலிந்தாமேல் விசாரணை வைத்தார்கள். குழுவில் இருந்த பழைய தோழி டெல்மி கெஞ்சாத குறையாகக் கேட்டாள்: "ஏண்டி, டேப் இருக்குல்ல? போட்டுக் காமிச்சிடு. எல்லாம் முடிஞ்சிரும்."

டேப் வீட்டு அலமாரியில் இருந்தது. அதில் நிகொலாசாவின் குரல், அவள் தங்கை பெயர், அடைக்கலம் கொடுத்த வீடு எல்லாம் இருந்தன. வாசல் காவலாளியோடு ஒவீதியோ சிரித்துப் பேசுவதை எர்மெலிந்தா அன்று காலைதான் பார்த்திருந்தார். இவன் இங்கே யார் யாரைக் கைக்குள் போட்டிருக்கிறானோ.

"டேப் இல்ல."

புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். துறைத் தலைமை டெல்மிக்குப் போனது. மாணவிகள் எதிரே வந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ஜூன் வரை ஒவீதியோ வாசலில் நின்றான். பிறகு வரவில்லை. எங்கே போனானோ என்று எர்மெலிந்தா தினமும் வாசலைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஜூலையில் வீட்டுக்குப் போன் வந்தது.

"பேப்பர்ல பாத்தேன், நான் இல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே டாக்டர்?" என்றாள் நிகொலாசா.

"என்னை மன்னிச்சிடு. அந்த மாவை எழுதினது என் தப்பு."

"அது ஒண்ணுதான் நானா யோசிச்சு செஞ்சது. நீங்க எழுதினது எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப புது ஊரு. இது எங்க இருக்குன்னா..."

"சொல்லாதே!" என்று கத்திவிட்டார் எர்மெலிந்தா. "எங்கிட்டகூடச் சொல்லாதே."