நாற்பத்தொரு பேர் சுற்றிய வழி

ஆஃபியாவுக்கு ஆட்டோக்காரர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. புனேயில் ஓட்டுநர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று இரண்டு மாதமாக ஆராய்கிறாள். போகிற வழியைப் பதிவு செய்யும் அவளுடைய செயலியை அறுபது பேர் போனில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். தாபோடிப் பகுதியிலிருந்து கேம்ப் பகுதிக்கு வர அருமையான குறுக்குச் சந்து ஒன்று இருக்கிறது. காலை பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை மட்டும் நாற்பத்தொரு பேர் அதை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுகிறார்கள். மீட்டருக்கு ஆசைப்பட்டு என்று பார்த்தால், மீட்டரே இல்லாத டெம்போவும் சுற்றுகிறது!

"செயலிக் கோளாறு. அந்த நாற்பத்தொன்றையும் தூக்கிடும்மா" என்றார் பேராசிரியர் வாசுதேவன். சாயங்காலம் போக்குவரத்துத் துறைக்கு அறிக்கை போக வேண்டும். போனால், வண்டிகளையெல்லாம் அந்தச் சந்துக்குள் திருப்பிவிடுவார்கள்.

தூக்குமுன் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று, நாற்பத்தொருவரில் ஒருவரான சேவியரின் ஆட்டோவில் ஏறினாள். தாபோடித் தமிழர். சந்து முனை வந்ததும் வண்டியை வேறு பக்கம் ஒடித்தார்.

"நேரா போங்கண்ணே! ஏன் சுத்துறீங்க?"

சேவியர் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். "எறங்கிப் பாரு பேட்டா. ஆவாஸ் போடாத, சத்தம் வேணாம்."

சந்துக்கு நடுவே ஏழெட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் குச்சியைத் தட்டித் தட்டி நடந்துகொண்டிருந்தார்கள். கண் தெரியாத பிள்ளைகள். தெருவில் நடக்கப் பழகுகிறார்கள். வண்டி என்று பெயருக்கு ஒன்றில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு? ஸ்கூலா, போலீஸா?"

"யாரும் சொல்லல. முன்னாடி போன ரிக்ஷா திரும்புச்சு, நானும் திரும்புனேன். அப்புறம்தான் எட்டிப் பாத்தேன்."

ஆஃபியாவுக்கு மெய் சிலிர்த்தது. ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. சிக்னலில் ஒரு நொடி பொறுக்காமல் ஹாரனைப் பிழிகிற ஆட்கள். பலகை இல்லை, கயிறு இல்லை, ஒரு தெருவையே காலி செய்து கொடுத்திருக்கிறார்கள்! இதையா பிழை என்று அழிக்க இருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அன்று ஒரு வரியையும் அவள் தூக்கவில்லை. பத்தரை முதல் பதினொன்றரை வரை இந்தச் சந்து வண்டிகளுக்கு இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதி, வாசுதேவனோடு மல்லுக்கட்டி அனுப்பினாள்.

மறுநாள் ஸ்கூட்டரில் அவசரமாக வந்தவள், முனையில் மணி பார்த்தாள். பத்து நாற்பது. இண்டிகேட்டர் போட்டுச் சுற்றுவழியில் திரும்பினாள். பின்னால் வந்த கார் நேராகத்தான் போகப் பார்த்தது. முனையில் கொஞ்சம் தயங்கியது. பிறகு அவள் பின்னாலேயே திரும்பியது.