இரண்டு அப்புறம்

அம்மாவின் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள் மகள். விடியற்காலையில் மாரடைப்பில் போன அம்மா. போன் அடித்தால் எழுந்து ஓடுபவள், இன்றுதான் மகளின் கைக்கு அடங்கிக் கிடந்தாள்.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம். இளைஞர் மையத்துப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அங்கேதான் அம்மாவுக்குச் சமூகப்பணியாளர் வேலை. படிப்பை விட்டது, வீட்டை விட்டு ஓடியது என்று எல்லாவற்றையும் கட்டி மேய்த்தாள். தேறியவர்களையே புதிதாக வருபவர்களுக்குத் துணையாக உட்கார வைப்பாள்.

அவர்கள் "அம்மா, அம்மா" என்று அழுததில் மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். வளர்ந்துதான் இருந்தாள், தானாகவே.

"சீப்பைக் குடுங்கக்கா, நான் வாரி விடறேன்" என்றாள் ஒருத்தி. ஊமைக்கோட்டான். வந்த புதிதில் வாயே திறக்காததால் அம்மா வைத்த பேர். இப்போது மற்றவர்களைப் பேச வைப்பதே அவள்தானாம். மகளுக்கு அம்மா செல்லப்பேர் எதுவும் வைத்ததில்லை.

"வேணாம். எங்கம்மாவுக்கு நானே பண்ணிக்கறேன்."

அவள் நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா எங்களை எதுவும் குடைய மாட்டாங்கக்கா. என்ன உளறினாலும் 'அப்புறம்?'னு மட்டும் கேப்பாங்க. அப்படியே எல்லாம் கொட்டிடுவோம்."

சீப்பு நின்றது.

"எனக்கும் அதேதான் சொல்லுவாங்க" என்றாள் மகள். "போனைக் காதுல வச்சுக்கிட்டே. 'அப்புறம் பேசலாம், போ.' எனக்கு அந்த அப்புறம். உங்களுக்கு இந்த அப்புறம். பொறாமையாத்தான் இருக்கு. போதுமா?"

ஊமைக்கோட்டான் அம்மாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. காத்திருந்தாள். பிறகு மெதுவாக, "அப்புறம்?" என்றாள்.

அம்மாவின் அதே இழுப்பு. அறைந்துவிடலாமா என்றிருந்தது மகளுக்கு. சீப்பில் மாட்டியிருந்த நரைமுடியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"ஸ்கூல்ல ஒரு நாடகம். நான் ராணி. கிரீடம் கழண்டு விழுந்துருச்சு. அதை வீட்டுல சொல்லணும்னு ஓடி வந்தேன்..."

ஊமைக்கோட்டானைப் பார்த்துத்தான் சொன்னாள். அம்மாவின் காதை மூடியிருந்த முடியை மட்டும் ஒதுக்கிவிட்டாள்.