மாசம் ஒருத்தருக்கு இணைய எண்

உலகத்தில் எண் தீர்ந்துபோகுமா? நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் பழைய வகை இணைய முகவரி எண்கள் தீர்ந்துவிட்டன என்று இணைய நிறுவனம் கையை விரித்துவிட்டது. கோப்பெங்கில் ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் எழுந்த எங்கள் கடைவரிசைக்கு மாறாத எண் என்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. கேட்டவர்களோ இரண்டு பேர்.

தினேஸ்வரி, சித்தியவானிலுள்ள பன்னிரண்டு இறால் குளங்களை இங்கிருந்தே கண்காணிப்பவள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால், கரையிலுள்ள கருவி அவள் கடைக் கணினிக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதி வழி தவறாமல் வந்துசேர மாறாத எண் வேண்டும். தர்மேந்திரனுக்கு ஆறு பள்ளி வேன்கள். வேன் எங்கே வருகிறது என்று தாய்மார்கள் கைப்பேசியில் பார்க்க அவனுக்கும் அதே எண் வேண்டும்.

கட்டட முதலாளி அழகப்பன், "நீங்களே பேசி முடிச்சுக்குங்க," என்று ஈப்போவிலிருந்தே கழன்றுகொண்டார். கட்டடத்தின் இணைய வேலை பார்க்கும் என் தலையில் பஞ்சாயத்து விழுந்தது.

"நான்தான் அண்ணே முதல்ல கேட்டேன்," என்றாள் தினேஸ்வரி.

"எனக்கு நூத்திருவது பிள்ளைங்க! அம்மாமாருங்க போன் அடிச்சே சாவடிக்கிறாங்க, சூசா லா, பெரிய தொல்லை," என்றான் தர்மேந்திரன்.

முதலில் கேட்டவருக்கா, அதிகம் பேருக்கு உதவுபவருக்கா? எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. குளிக்கும்போதும் அதே யோசனைதான்.

"எல்லாரும் பணம் போட்டு மாசம் ஒருத்தர் எடுக்கிற கூட்டு போடுறோம்ல, அது மாதிரி எண்ணும் மாசம் ஒருத்தருக்கு. சீட்டு குலுக்குவோம்," என்றேன். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் மாதம் தினேஸ்வரிக்கு விழுந்தது. அடுத்த மாதம் எண்ணைத் தர்மேந்திரனுக்கு மாற்றிவிட்டேன். "இந்த மாசம் குளத்துக்காரங்களுக்கு போன் போட்டுக் கேட்டுக்கிறேன்," என்றாள் அவள்.

மூன்றாம் நாள் காலை தர்மேந்திரன் என்னிடம் வந்தான். "அண்ணே, என் வேன் ஆறுதானே? கணினியில ஏழாவதா ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கான். யாரு அவன்?"

எனக்கும் ஆசை தாங்கவில்லை. திறந்து பார்த்தேன். 'குளம் 4, ஆக்சிஜன் 2, ஆபத்து.'

கூட்டுப் பணம் யார் கைக்குப் போனாலும் பணம்தான். எண் அப்படியில்லை, அதைத் தெரிந்துவைத்த குளத்துக் கருவி பழைய ஆளைத் தேடித்தான் அங்கே வரும். கெட்டிக்காரனான எனக்கு அது உறைக்கவே இல்லை.

பக்கத்துக் கடைக்கு ஓடினேன். தினேஸ்வரி குளத்துக்காரர் கனகராஜைப் போனில் கூப்பிட்டாள். தண்ணீரைக் கலக்கும் விசிறி நின்றுபோயிருந்தது. அவர் மாற்று விசிறியைப் போட்டுவிட்டார்.

"நாலு கூடை செத்துப்போச்சு. மிச்சம் பொழைச்சிருச்சு," என்றாள் அவள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எண்ணை அவங்ககிட்டயே குடுத்துருங்க அண்ணே," என்றான் தர்மேந்திரன்.

"உன் முறை இன்னும் இருக்கேடா?"

"அம்மாமாருங்க திட்டுவாங்க. திட்டட்டும். இறாலுக்குத் திட்டத் தெரியாதுல்ல?"

வேன் எங்கே என்று கேட்க, அன்றே அவன் வேன்களில் என் கைப்பேசி எண்ணை ஒட்டச் சொன்னேன். காலையும் மாலையும் தாய்மார்கள் இப்போது என்னைத்தான் திட்டுகிறார்கள்.