வெள்ளிக்கிழமைகளில் திறக்காத கொழும்பு

திருகோணமலைத் துறைமுக வீதியிலுள்ள கப்பல் முகவர் நிறுவனமொன்றின் கிளையில் பிரியதர்சினி எழுதுவினைஞராக இருந்தாள். இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அவளுடைய மேசை லாச்சிக்குள் கிடந்தன. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

அவள் செய்த குற்றம் இதுதான். கப்பல் துறைமுகத்துக்குள் வர முன்னம் அதன் சரக்குப் பட்டியலைப் பகல் பன்னிரண்டுக்குள் கொழும்புத் தலைமை அலுவலகக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் கப்பல் ஒரு நாள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். கொழும்புக்குப் போகும் வழி வீபீஎன் இணைப்பு. அந்தச் சனியனோ இரண்டு வெள்ளிக்கிழமைகளாக, இணைந்துவிட்டேன் என்று பச்சை விளக்கைக் காட்டி இளித்தது. பட்டியலைப் போடுகிற கோப்புறையைத் தொட்டால் மட்டும் திறக்கவில்லை. பன்னிரண்டு தாண்டி, அழாக்குறையாகச் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. கொழும்பு நம்புமா? வேலையில் கவனமில்லை என்று முகாமையாளர் எழுதி அனுப்பினார், கொழும்பு அப்படியே கடிதமாக அடித்துத் தள்ளியது.

முகாமையாளர் கனகரத்தினம். முப்பது வருட அனுபவம் என்று வாய் ஓயாமல் சொல்லும் மனுசன். எதில் அனுபவம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கணினியில் எந்தச் செய்தி வந்தாலும் வாசிக்காமலே மூடிவிடுவார். ஆனால் கணினியின் அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. அதைக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோயில் பூட்டின் திறப்பை வைத்திருப்பவர் மாதிரித் திரிவார்.

இன்றும் வெள்ளி. துறைமுக வாசலில் பாஸுக்கு ஒப்பம் வாங்கிக்கொண்டு பத்தரை தாண்டி வந்து பிரியதர்சினி கதிரையில் இருந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கோப்புறை திறக்கவில்லை. ரவுட்டரையும் கணினியையும் நிறுத்திப் போட்டுப் பார்த்தாள், பலனில்லை. உடனே கொழும்புக்கு எடுத்து, போனை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டாள்.

எடுத்தவன் கணினிப் பிரிவு றுவைஸ். கிண்ணியாக்காரன்தான். கொழும்புக்குப் போய் இரண்டு வருடம் ஆகவில்லை, அதற்குள் திருகோணமலை என்றால் ஏதோ காட்டுப்பக்கம் என்பதுபோல் கதைக்கப் பழகிவிட்டான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு மருந்து.

"மிஸ், ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினீங்களா?"

"பண்ணினனான்."

"கம்பியூட்டரை?"

"அதையும் பண்ணினனான்."

"இன்னொருக்காப் பண்ணிப் பாருங்களேன்."

பிரியதர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பி, போன வெள்ளியும் இதைத்தான் சொன்னனீங்கள். அதுக்கு முதல் வெள்ளியும் இதைத்தான் சொன்னனீங்கள். எனக்கு வேலை போகப் போகுது. ஒருக்கால் மூளையையும் பாவிச்சுப் பாருங்கோவன்!"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ரோசம் வந்திருக்க வேண்டும், வந்ததும் நல்லதுதான்.

"சரி, எங்கட பக்கத்துல என்ன பதிஞ்சிருக்கெண்டு பாக்கிறன். கடைசியா எத்தினை மணிக்குப் பிழை காட்டினது? திரையில இருக்கிற நேரத்தைச் சொல்லுங்க."

"ஒன்பது முப்பத்திநாலு."

"என்ன மிஸ், இப்ப நேரம் பதினொண்டு அஞ்செல்லோ?"

அவள் கைமணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று ஐந்துதான். திரையின் மூலையிலோ ஒன்பது முப்பத்தைந்து. கையில் மணிக்கூடு கட்டியவள், அந்த மூலையை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அதுதான் விசயம்!" றுவைஸின் குரலில் முதன்முறையாக உயிர் வந்தது. "ரெண்டு பக்கத்து நேரமும் அஞ்சு நிமிசத்துக்கு மேல வித்தியாசப்பட்டா எங்கட சேர்வர் உள்ளுக்கு விடாது. வீபீஎன் இணையும், ஆனா ஒண்டையும் தொட ஏலாது. ஆரோ நேரத்தைப் பின்னுக்கு விட்டிருக்கிறாங்க. அதுக்குப் பெரிய பாஸ்வேட் வேணுமே, ஆரிட்ட இருக்கு?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த கனகரத்தினம் திடீரென்று ஒரு கோப்பின் பக்கங்களை மும்முரமாகப் புரட்டத் தொடங்கினார். அவள் போனையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

"சேர், கம்பியூட்டரில நேரத்தை மாத்தினது நீங்களோ?"

"ஓம், அதுக்கென்ன?" வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே. "வெள்ளி பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் ராகு காலம். போன மாசம் அந்த நேரத்தில அலுவல் தொடங்கித்தான் கப்பலில பாரந்தூக்கி முறிஞ்சது. அதுதான் நீங்கள் பாஸுக்குப் போற நேரம் ஒண்டரை மணித்தியாலம் பின்னுக்கு விடுறனான். பத்திரத்தில ஒன்பதரை எண்டு நல்ல நேரம் விழுமெல்லோ. நீங்கள் சாப்பிடப் போனாப் பிறகு திருப்பி முன்னுக்கு விடுறனான்."

சிரிக்கிறதா, தலையில் அடித்துக்கொள்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய அம்மாவும் ராகு காலம் பார்ப்பவர்தான். பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம் பேசாமல் இருந்துவிட்டு எழும்பி அலுவலைப் பார்ப்பார். இந்த மனுசன் ராகுவுக்கே பொய் மணிக்கூடு காட்டப் போயிருக்கிறார்! ராகு ஏமாந்தாரோ இல்லையோ, கொழும்புச் சேர்வர் ஏமாறவில்லை. அடி முழுக்க விழுந்தது பிரியதர்சினியின் தலையில்.

"பிறகு என்னெண்டு சேர் ரெண்டு தரம் என்னிலை பிழை எண்டு எழுதினனீங்கள்?"

"மணிக்கூட்டுக்கும் கொழும்புக்கும் சம்பந்தம் இருக்கெண்டு எனக்கென்ன தெரியும் பிள்ளை?"

"தெரியாட்டிக் கேட்டிருக்கலாம். இப்ப நேரத்தைத் திருத்துங்கோ."

"இப்பவோ? ராகு காலம் முடியேல்லையே. பன்னிரண்டுக்குச் செய்து தாறன்."

என்ன பிறவியப்பா இது! பன்னிரண்டு அடித்தால் அவளுடைய வேலை போய்விடும். அதுதான் அவருக்கு நல்ல நேரமாம்.

அவள் போனை அவருடைய மேசையில், மூக்குக்கு நேரே வைத்தாள். உள்ளேயிருந்து றுவைஸ் மரியாதையாகச் சொன்னான்: "சேர், இந்தக் கோல் முழுக்க ரெக்கோட் ஆகுது."

அந்த ஒரு வசனத்துக்காக அவனுடைய ரவுட்டர் வைத்தியம் முழுவதையும் அவள் மன்னித்தாள். கனகரத்தினம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எழுந்து அவளுடைய மேசைக்கு வந்தார், அவள் போனையும் கூடவே கொண்டுவந்தாள். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நேரம் பதினொன்று பதினேழாக மாறியது. அவள் கோப்புறையைத் தொட்டாள், திறந்தது. பட்டியல் போய்ச் சேர்ந்தது என்று நாலு நிமிடத்தில் கொழும்பிலிருந்து பதிலும் வந்தது.

"அப்ப முறைப்பாட்டை மூடுறன் மிஸ். காரணம் என்னெண்டு போட?"

கனகரத்தினம் போனைக் கையால் பொத்தினார். குரல் தணிந்து போயிருந்தது. "நெட்வேர்க் கோளாறு எண்டு சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு பென்சனுக்கு எட்டு மாதம்தான் கிடக்கு."

"எனக்கு வேலைக்கு வந்தே எட்டு மாதம்தான் சேர்."

அவருடைய கையை விலக்கிவிட்டு அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "எழுதுங்கோ தம்பி. கம்பியூட்டர் நேரத்தை மாத்தினது கிளை முகாமையாளர். மூண்டு வெள்ளியும் மாத்தினவர். எனக்கு வந்த ரெண்டு கடிதமும் பிழையெண்டும் எழுதுங்கோ."

"அவர்ட முழுப்பேர்?"

முதலெழுத்துகளோடு முழுப்பேரையும் சொன்னாள். பிறகு, எழுதியதை ஒருக்கால் சத்தமாகத் திருப்பி வாசிக்கச் சொன்னாள்.