வாசலில் கட்டிய வெள்ளை

எண்பத்தெட்டாம் ஆண்டு ஈஸ்டருக்குத் தன் குடும்பத்தார் எல்லோரையும் ராஜபாளையத்துக்கு வரச் சொல்லிவிட்டதாகப் பொன்னுராஜ் சொன்னபோது, செல்லக்கனிக்கு ஏழாம் மாதம். வழக்கமாக எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவனுடைய அண்ணன் ரத்தினம் வீட்டில்தான் கூடுவார்கள். அங்கே ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

“அத்தையும் வாராவளா?” என்று கேட்டாள்.

“வாரேன்னுதான் சொல்லியிருக்கா.”

அத்தை பிச்சையம்மாள் இந்த வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. சத்திரப்பட்டி விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண்ணை மகன் விரும்பிக் கட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை. செல்லக்கனி ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மகனிடம் சொல்வாள்.

வீட்டை அலங்கரிக்கக் கடையில் எதையும் வாங்கும் நிலைமை இல்லை. பொன்னுராஜ் மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தான். நூல் சுற்ற உதவாத நசுங்கிய காகிதக் கூம்புகளை மேஸ்திரியிடம் கேட்டு ஒரு சாக்கில் கொண்டுவந்தான். செல்லக்கனி அவற்றின் வாயைக் கத்தரித்து, இதழ் இதழாக வெளியே வளைத்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் லில்லிப் பூ மாதிரி இருந்தது. முட்டைகளை ஓட்டை போட்டு ஊற்றிக்கொண்டு, ஓடுகளைப் பீட்ரூட் சாற்றில் முக்கிக் கோத்தாள். அவளுடைய அண்ணன் தனுஷ்கோடி, தங்கள் தறியில் இழை தப்பிக் கழித்த பேண்டேஜ் துணியைச் சுருளாகக் கொண்டுவந்து போட்டான். அதற்குக் கஞ்சி போட்டுக் காயவைத்து, கொசுவம் கொசுவமாக மடித்து, சனிக்கிழமை சாயங்காலம் வாசல் முழுக்கக் கட்டினாள். ஈஸ்டருக்குக் கோயில் பீடத்தில் வெள்ளைதான் விரிப்பார்கள் என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள். முட்டைச் சரம் சமையலறைக்குப் போகும் வழியில் தொங்கியது.

மறுநாள் விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் பொன்னுராஜ் வாசலில் நாற்காலிகளைப் போட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். வருகிறவர்கள் அவன் எதிர்பார்த்ததற்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கி, வழி கேட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

தெரு முக்கில் இருந்த கடைக்காரரிடம் ரத்தினம் விசாரித்தான்.

“பொன்னுராஜ் வீடா? நேராப் போங்க. என்னன்னு தெரியல, காலையில பாத்தேன், வாசல்ல வெள்ளை கட்டிக் கெடக்கு. நாற்காலி எல்லாம் போட்டிருக்காவ.”

தெருவுக்குள் திரும்பியதும் பிச்சையம்மாளுக்கும் அது தெரிந்தது. வெள்ளைத் துணி, வெறும் நாற்காலிகள், அலங்காரத்தைப் பார்க்க வந்து நின்ற நாலைந்து பெண்கள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

“ஏட்டி கனி! வயித்துப் பிள்ளையோட போயிட்டியா! ஒரு நாளு வந்து பாக்காமப் போனேனே, பாவி!”

நெஞ்சில் அறைந்துகொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நின்றிருந்த பெண்களில் பக்கத்து வீட்டுக் கருத்தம்மா ஒன்றும் புரியாமல் தானும் அழத் தொடங்கினாள். சத்தம் கேட்டுச் செல்லக்கனி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“என்னத்தை? யாருக்கு என்ன?”

பிச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். எழுந்து அவள் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிறகு கோபம் வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா வாசல்ல எவளாவது வெள்ளை கட்டுவாளாட்டி?”

“கோயில்ல வெள்ளைதான அத்தை விரிச்சிருக்காவ?”

“அது கோயிலு. இது தெரு. தெருவுல போறவனுக்கு ஈஸ்டர் தெரியுமா?”

செல்லக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் எதற்காக இவ்வளவும் செய்தாள் என்று ரத்தினத்தின் மனைவிக்குப் புரிந்தது. மாமியார் தெருவில் போட்ட பையைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிச்சையம்மாள் வாசலில் தொங்கிய கூம்புப் பூ ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“மஞ்சப்பொடி இருக்கா?”

அண்டாவில் மஞ்சளைக் கரைத்து மாமியாரும் மருமகளும் துணியை முக்கிப் பிழிந்தார்கள். ஈரத்தோடேயே ரத்தினம் மறுபடி கட்டினான். அவனுடைய புதுச் சட்டையில் மஞ்சள் சொட்டி, அது பிறகு எந்தச் சோப்புக்கும் போகவில்லை. பொன்னுராஜ் பஸ் ஸ்டாண்டில் காத்துக் களைத்துத் திரும்பியபோது, வாசல் முழுக்க மஞ்சளாக இருந்தது. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நின்றான்.

மத்தியானம் கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டார்கள். குழம்பில் காரம் கூடுதல் என்று பிச்சையம்மாள் சொன்னாள். இந்த முறை மகனிடம் சொல்லவில்லை, நேராகச் செல்லக்கனியிடமே சொன்னாள்.

சாயங்காலம் ரத்தினம் குடும்பத்தோடு கிளம்பினான். பிச்சையம்மாள் எழுந்திருக்கவில்லை.

“நீங்க போங்க. இவ நாள் நெருங்குது, ஒத்தையில என்ன செய்வா? நான் பொறவு வாரேன்.”

மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை. செல்லக்கனி தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் ஆவதற்குள் இருவருக்கும் குழம்புக்கு உப்புப் போடுவதில் சண்டை வந்துவிட்டது. ஆனாலும் பிரசவம் முடிந்து, பேத்திக்குத் தலை நின்ற பிறகுதான் பிச்சையம்மாள் ஊருக்குப் போனாள்.